முக்கோணம் மனப்பாடத்திற்கா?

வடிவியல் என்றாலே நம் மாணவியர் பலருடைய முகம் வாடிவிடுகிறது. தேற்றங்களைச் செய்யுளைப் போல ஒப்பித்துத் தேர்வுக்கு ஆயத்தமாகிறார்கள். ‘ஏ பி சி’ என்று படித்த முக்கோணம் வினாத்தாளில் ‘பி க்யூ ஆர்’ என்று பெயர் மாறிச் சற்றுத் தலைகீழாகவும் நின்றுவிட்டால் போதும், படித்ததெல்லாம் பறந்துவிடுகிறது. வடிவியலை மனப்பாடம் செய்வதைவிட இருபது நிமிடம் அதைப் பற்றிச் சிந்திப்பது மேல் என்பதே என் கருத்து.

சர்வசமம், வடிவொத்தமை என்னும் இரண்டையே எடுத்துக்கொள்வோம். நம் செட்டிநாட்டு வீடுகளில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கற்களைப் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு கற்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓரத்தோடு ஓரம் பொருந்தும். இது சர்வசமம். உங்கள் ஜியாமெட்ரி பெட்டியிலுள்ள சிறிய மூலைமட்டத்தையும், கரும்பலகையில் ஆசிரியை வைத்து வரையும் பெரிய மூலைமட்டத்தையும் பாருங்கள். கோணங்கள் ஒன்றே, அளவு வேறு. இது வடிவொத்தமை. சர்வசமமானவை யாவும் வடிவொத்தவை. வடிவொத்தவை யாவும் சர்வசமம் ஆகா.

‘மூன்று கோணங்களும் சமம், ஆகவே சர்வசமம்’ என்று எழுதி மதிப்பெண் இழப்போர் பலர். ‘கோ-ப-கோ’ என்பதில் நடுவே நிற்கும் அந்த ஒரு ‘ப’ இல்லாவிட்டால் என்ன என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அதன் விலை என்ன என்பதை நம் தமிழகத்தில் நடந்த ஒரு வரலாறு காட்டும்.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்பவர் நிலத்தில் ஒரு நேர்க்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். சுமார் 7½ மைல் நீளமுள்ள அந்த ஒரே கோட்டை அளக்க 57 நாட்கள் ஆயின. ஏன் இத்தனை பாடு? கோணங்களை மட்டும் அளந்தால் முக்கோணத்தின் வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது. ஒரு பக்கம் தெரிந்து, அதன் இரு முனைகளிலும் கோணங்கள் தெரிந்தால், அப்படிப்பட்ட முக்கோணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அவை அடுத்த முக்கோணங்களுக்கு அடித்தளம் ஆகும். கோணங்களிலும் கவனம் குறையவில்லை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கோணமளக்கும் கருவி சேதமுற்றது. லாம்டன் வாரக்கணக்கில் உழைத்து அதைச் சீர்செய்தார்.

இவ்வாறு முக்கோணத்தோடு முக்கோணமாகக் கோத்து அந்த அளவைப்பணி இமயம்வரை சென்றது. மலையில் கால் வைக்காமல், தொலைவிலிருந்து அளந்த கோணங்களைக் கொண்டே எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் கணக்கிடப்பட்டது. அக்கணக்கில் பெரும்பங்கு வகித்தவர் ராதாநாத் சிக்தார் என்னும் இந்தியர். 1856-ல் வெளியான உயரம் 29,002 அடி. நேபாளமும் சீனாவும் 2020-ல் அறிவித்தது 8848.86 மீட்டர். வேறுபாடு 30 அடிக்கும் குறைவு! சர்வசமம் தந்த உறுதி அது. அந்த நிலப்பரப்பைத் தாளில் சுருக்கி வரைந்த வரைபடமோ வடிவொத்தமை தந்த வரம்.

ஆகவே மாணவிகளே, விதியை ஒப்பிக்கும் முன் அதைச் சோதித்துப் பாருங்கள். 5, 6, 7 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணத்தை நான்கு தோழியர் தனித்தனியே வரைந்து, வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். எல்லாம் பொருந்தும். அடுத்து, 30° கோணம் ஒன்று, அதை ஒட்டி 8 செ.மீ. பக்கம், கோணத்திற்கு எதிரே 5 செ.மீ. பக்கம் என்று வரையுங்கள். இரண்டு வெவ்வேறு முக்கோணங்கள் கிடைக்கும்! ‘ப-ப-கோ’ என்றொரு விதி ஏன் இல்லை என்பது அப்போது விளங்கும். விளங்கியதை மறக்க முடியாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நிறுவுக’ என்பதோடு ‘ஏன் பொருந்தாது?’ என்றும் கேளுங்கள். தவறான நிரூபணம் ஒன்றைத் தந்து பிழை காணச் சொல்லுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பத்தாம் வகுப்பு முடிந்து, மேல்நிலையில் எந்தப் பிரிவு என்று முடிவு செய்யும் நாளில், ‘உனக்குக் கணக்கு வராது’ என்ற ஒரு வார்த்தையால் கணிதப் பிரிவை விட்டு விலகும் பெண்கள் இன்றும் உண்டு. அதனோடு பொறியியல் போன்ற படிப்புகளின் வாயிலும் அடைபடுகிறது. அவர்களுக்கு வராதது கணிதம் அன்று, மனப்பாடமே. ‘எத்தனை மதிப்பெண்?’ என்று கேட்கும் முன், ‘இது ஏன் இப்படி?’ என்று உங்கள் மகளைக் கேளுங்கள். அவள் ஒரு தாளை எடுத்து உங்களுக்கு வரைந்து காட்டினால், அவளுக்குக் கணக்கு வருகிறது என்று துணிந்து நம்பலாம்.