வண்டி ரெடி. ராத்திரி எங்க நிறுத்தப் போறீங்க?

1/ கோடை லீவு வந்தாச்சு. சைதாப்பேட்டைல எங்க ஏரியாவுல எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் டெம்போ டிராவலர் பேச்சுதான். முன்னெல்லாம் கேரவன்னா ஷூட்டிங்ல நடிகர்கள் உட்கார்ற வண்டி. இப்போ படுக்கை, அடுப்பு, டாய்லெட்டோட வாடகைக்கே கிடைக்குது. தாராளமா போயிட்டு வாங்க. ஒரு டாக்டரா எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கு: ராத்திரி வண்டியை எங்க நிறுத்தப் போறீங்க?

2/ "அது என்ன பெரிய விஷயம் சார், எங்கயாவது ஓரங்கட்டிட்டுத் தூங்கிடலாம்"னு சொல்வீங்க. வண்டி ஓடும்போது வர்ற ஆபத்து எல்லாருக்கும் தெரியும், பயந்து பயந்து போறோம். வண்டி நின்ன பிறகு வர்ற ஆபத்தைப் பத்தி யாரும் பேசறதில்லை. இந்த இழை அதைப் பத்தித்தான்.

3/ 2024 டிசம்பர் 23. கேரளாவில் வடகரைக்குப் பக்கத்தில், தேசிய நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். சவாரி முடித்துத் திரும்பி வந்தவர்கள். வண்டியை ஓரமா நிறுத்தி, ஏசிக்காக ஜெனரேட்டரை ஓட விட்டுட்டுப் படுத்திருக்காங்க. வண்டிக்கு அடியில் இருந்த ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்ஐடி நிபுணர்களின் சோதனையில் தெரிய வந்தது.

4/ கொன்றது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமா ஒட்டிக்கும். முதல்ல லேசா தலைவலி, அப்புறம் குமட்டல், தலைசுற்றல். "பஸ் ஒத்துக்கல போல"ன்னு நினைச்சுப் படுப்போம். தூங்கிட்டா இந்த அறிகுறி கூடத் தெரியாது.

5/ கொரோனா காலத்துல வாங்கின பல்ஸ் ஆக்சிமீட்டர் இதுக்கு உதவாது. சாதாரண ஆக்சிமீட்டருக்கு கார்பன் மோனாக்சைடு ஒட்டின ரத்தத்துக்கும் ஆக்சிஜன் ஒட்டின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக் கிடப்பார், மெஷின் 98 காட்டும். அந்த நம்பரை நம்பி உட்கார்ந்திருக்காதீங்க.

6/ வண்டிக்குள்ள ஒருத்தருக்கு மேல தலைவலி, குமட்டல் வந்தா உடனே எல்லாரும் வெளிய வாங்க. இன்ஜின், ஜெனரேட்டர் ஆஃப். 108-க்கு போன். "புகை உள்ள வந்திருக்கலாம்"னு வார்த்தையாவே சொல்லுங்க. சாதாரண காற்றில் இந்த விஷம் பாதியாகக் குறையவே 4 முதல் 5 மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதனால சோடா குடிச்சுட்டுத் திரும்பப் படுக்கிற விஷயமில்லை இது. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு மூடின அறையிலோ கூடாரத்திலோ கரி அடுப்பு வைக்கிறதும் இதே கதைதான்.

7/ இப்போ ஒரு நிமிஷம் யோசிங்க. அவங்க ஏன் ஜெனரேட்டர் போட்டாங்க? வண்டி நின்ன இடத்துல கரண்ட் இல்லை. பக்கத்துல ஒரு பிளக் பாயின்ட் இருந்திருந்தா அந்த ஜெனரேட்டருக்கு அன்னிக்கு வேலையே இல்லை.

8/ அடுத்தது மதுரை. 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்த ரயில் பெட்டி, ரயிலிலிருந்து கழற்றி மதுரை ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. விதியை மீறிக் கொண்டு வந்த கேஸ் சிலிண்டர். உள்ளேயே அடுப்பு பற்ற வைத்ததில் தீ. 9 பேர் இறந்தார்கள்.

9/ "உள்ள யாராவது அடுப்பு பத்த வைப்பாங்களா"ன்னு கேட்கிறது சுலபம். வயசானவங்களோட பல நாள் யாத்திரை போற கூட்டம் டீயும் சாப்பாடும் தானே செஞ்சுக்கத்தான் பார்க்கும். நாமளும் சமையல் மாஸ்டரோட, பாத்திரத்தோடதானே கிளம்பறோம்? சிலிண்டருக்குத் தடை கட்டாயம் வேணும். கூடவே, பாதுகாப்பா சமைக்க ஒரு கொட்டகையும் வேணும். தடை மட்டும் போட்டா அடுப்பு ஒளிஞ்சு எரியும்.

10/ மூணாவது, செய்தியில வராதது. டூர் முடிஞ்சு வர்ற பெண்கள் நீர்க்கடுப்பு, குளிர் ஜுரத்தோட வருவாங்க. "வழியில டாய்லெட் சரியில்ல டாக்டர், அதான் தண்ணியே குடிக்கல"ன்னு சொல்வாங்க. சர்க்கரை நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் இந்தத் தொற்று கிட்னி வரை போகலாம். இதயநோய்க்கு நீர் மாத்திரை சாப்பிடற தாத்தா, டூர்ல அதை நிறுத்திடுவார். நாலாம் நாள் கால் வீங்கி மூச்சு வாங்கும். அவர் மேல தப்பு சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரு சுத்தமான டாய்லெட் இருந்திருந்தா மாத்திரையை நிறுத்தியிருக்கவே மாட்டார்.

11/ அப்போ எங்க நிறுத்தக் கூடாது? முதல்ல ஆத்தோரம். அடையாறு ஒரே ராத்திரியில என்ன செய்யும்னு 2015 டிசம்பர்ல பார்த்த சைதாப்பேட்டைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலையடிவாரம் இன்னும் மோசம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. நீங்க நிக்கிற இடத்துல மழையே இல்லாம, மேல மலையில பெஞ்ச மழை கீழ வந்து சேரும்.

12/ அடுத்தது புதர், புல்வெளி. பாய் விரிச்சுப் படுக்க அழகான இடம்தான். ஸ்க்ரப் டைபஸ் பரப்பும் பூச்சியும் அங்கதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. கடிச்சு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு ஜுரம் வரும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்குல சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் புண் இருக்கலாம். டூர் போன விஷயத்தை டாக்டர் கேட்காட்டியும் நீங்களா சொல்லுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா விலை குறைஞ்ச மாத்திரையிலேயே சரியாகும். விட்டா நுரையீரல், மூளை வரை போகும்.

13/ மூணாவது, ஹைவே ஓரம். தூங்கி வழியற லாரி டிரைவருக்கு உங்க வண்டி நிக்குதா ஓடுதான்னு தெரியாது. உங்க டிரைவர் தூக்கமும் முக்கியம். நீங்க மெத்தையில, அவர் ஸ்டியரிங் மேல தலை வெச்சுத் தூங்கினா, மறுநாள் மலைப்பாதையில உங்க குடும்பமே அந்த அரைத் தூக்கத்தை நம்பித்தான் போகுது. ஹோட்டல், லாட்ஜ்களில் விருந்தினரின் டிரைவர்களுக்குத் தங்குமிடம் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-ல் கட்டட விதிகளையே திருத்தியது. ரூம் போடும்போது "டிரைவருக்குப் படுக்க இடம் எங்க?"ன்னு கேளுங்க. கேட்டாதான் விதி வேலை செய்யும்.

14/ இப்போ என் கருத்து. கேரளா 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை கொண்டு வந்தது, வாகமனில் கேரவன் பார்க்கும் திறந்தார்கள். நல்ல விஷயம். ஆனா வடகரை சம்பவமும் அதே மாநிலத்துலதான். மலை உச்சியில ரிசார்ட் மாதிரி ஒரு பார்க் இருந்து, வழியில நிக்க இடம் இல்லைன்னா, ராத்திரி வண்டி ரோட்டோரம்தான் நிக்கும்.

15/ நமக்கு இது புது யோசனையும் இல்லை. ராமேஸ்வரம் போற யாத்திரிகர்களுக்கு தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழியெல்லாம் சத்திரம் கட்டினாங்க. ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம் அதில் ஒன்று. மதுரை ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம். நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரியோட வேரே மணியக்காரர் சத்திரம்தான். வழிப்போக்கனுக்குப் படுக்க இடமும் தண்ணியும் கொடுக்கிறதை தர்மம்னு சொன்ன ஊர் இது. நான் அதை பொது சுகாதாரம்னு சொல்றேன், அவ்வளவுதான்.

16/ பெரிய செலவு வேண்டாம். கோயில் ஊர்களிலும் நெடுஞ்சாலைகளிலும் விளக்கு எரியற, காவல் உள்ள ஒரு மைதானம். பிளக் பாயின்ட், டாய்லெட், குடிதண்ணீர், சமையல் கொட்டகை, டிரைவருக்கு ஒரு கட்டில். மேல சொன்ன ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு நோயோ ஒரு மரணமோ இருக்கு.

17/ அது வர்ற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது:
• கிளம்பும் முன்னாடியே ஒவ்வொரு ராத்திரிக்கும் இடம் முடிவு பண்ணுங்க. கல்யாண மண்டபம், தேவஸ்தான விடுதி, பெரிய வளாகம் உள்ள ஹோட்டல்னு போன் பண்ணிக் கேளுங்க.
• இருட்டறதுக்கு முன்னாடி போய்ச் சேருங்க. முதுமலை, திம்பம் வழியில இரவுப் போக்குவரத்துத் தடை உண்டு, நேரம் பார்த்துக் கிளம்புங்க.
• வண்டி நின்னா இன்ஜினும் ஜெனரேட்டரும் நிக்கணும். ஏசி இல்லைன்னா ஜன்னலைத் திறந்து கொசுவலை கட்டுங்க.
• கேரவன் எடுத்தா கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா ஒண்ணு வாங்கி மாட்டுங்க.
• தண்ணி குடிங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க.

18/ ஒவ்வொரு குடும்பத்துலயும் வண்டி புக் பண்ற ஆள் ஒருத்தர்தான் இருப்பார். இதை அவருக்கு அனுப்புங்க.