ஏற்றலும் இறக்கலும்

கணினித்துறைச் சொற்கள் செருமானியர்க்கும் ஆங்கிலத்தினின்றே மிகுதியும் வந்தன. ஆயினும், கணக்கிடுதலைக் குறிக்கும் தம் வினையினின்றே கணினிக்கொரு பெயர் ஆக்கினர். ‘கீழே’, ‘ஏற்று’ எனப் பொருள்படும் தம் சொற்களை இணைத்தே பதிவிறக்கத்தைக் குறித்தனர். ஆங்கிலச் சொற்களும் அங்கு உலவுகின்றன. எனினும் தாய்மொழிச் சொற்கள் தோற்றோடவில்லை.

திருப்பூரில் நூல்மூட்டைகளை இறக்குகிறோம். பின்னலாடைப் பொதிகளை ஏற்றுகிறோம். அவ்வேற்றலும் இறக்கலுமே பதிவேற்றம், பதிவிறக்கம் என்னும் சொற்களின் உயிர். சுமைதூக்குவார்க்கும் விளங்கும் இச்சொற்களிருக்க, கணினிமுன் அமர்ந்தோர் ‘டவுன்லோடு’ என்பதேன்? பணமாற்றம் என்னாது ‘டிரான்சுபர்’ என்பதேன்?

1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ் விசைப்பலகையும் செப்பமுற்றது. சொல்லுண்டு, கருவியுண்டு, வழக்கே குறை. தொழில்முனைவோரே, கணக்குக் கோப்புகளுக்கேனும் இன்றே தமிழ்ப்பெயர் இடுங்கள்! வழங்காச் சொல் வாழாது!