காப்பீட்டுத் துறையில் தரவுப் பணியும் அமானிதமும்

குமணன்சாவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கணினித் துறையில் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் தரவுப் பொறியாளராகப் பணிபுரிகின்றனர். சம்பந்தம் பேசப் போகுமிடத்தில் சம்பளத்தை விசாரித்த கையோடு எழும் கேள்வி: “இன்சூரன்ஸ் கம்பெனியாச்சே, ஹலாலா?”

கேள்வி நியாயமானது. நிலையான தவணை பெறும் வணிகக் காப்பீட்டில் ‘கரர்’ எனும் பெரும் நிச்சயமின்மை இருப்பதால் அது கூடாதென்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985 டிசம்பரில் ஜித்தாவில் தீர்மானித்தது. கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாக முன்வைத்தது. மலேசியா 1984இலேயே தக்காஃபுல் சட்டம் இயற்றியிருந்தது. நம் நாட்டில் அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. வட்டிக் கணக்கை எழுதுபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்ற செய்தியை அறிந்த இளைஞர் தயங்குவது ஈமானின் அடையாளமே.

ஆனால் “இன்சூரன்ஸில் வேலை” என்று மட்டும் ஆலிமிடம் சொல்லிப் பதில் வாங்குவது போதாது என்பது என் கருத்து. ஒருவர் பாலிசி விற்பதற்கு ஆள்பிடிக்கும் பட்டியல் தயாரிக்கிறார். இன்னொருவர் மருத்துவமனை பில்களை இழப்பீட்டுக் கோரிக்கைகளுடன் இணைக்கிறார். வேறொருவர், தவணையை அரசே செலுத்தும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் தரவைக் கையாள்கிறார். மூவரின் நிலையும் ஒன்றா என்பதை, வேலையை முழுமையாகக் கேட்டறிந்த பின் ஆலிம்கள் சொல்லட்டும். (அந்தத் திட்டத்தின் அட்டையில் அத்தாவுக்கு பைபாஸ் செய்துகொண்ட வீட்டிலும் இக்கேள்வி எழத்தான் செய்கிறது.)

பத்வா எதுவாயினும், அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாள்வரை அவர் கையிலிருப்பது அமானிதம். இதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. முன்பின் அறியாதவர்களின் சர்க்கரை அளவும், மனநல சிகிச்சையும், கலைந்த கருவும் அவர் திரையில் வரிசையாக ஓடுகின்றன. 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கசிந்தது நினைவிருக்கலாம்.

கசிவைவிட ஓசையின்றி நடப்பது பெயர்ப் பிழை. ஆங்கிலத்தில் முஹம்மது என்பதை ஒருவர் நடுவில் ஓர் ‘எம்’ போட்டும், மற்றொருவர் இரண்டு போட்டும் எழுதுவார். ‘எம்டி’ என்று சுருக்குவோரும் உண்டு. அப்துல் ரஹ்மானை முதற்பெயர், குடும்பப்பெயர் என வெட்டினால் பொருளற்ற ‘அப்துல்’ தனித்து நிற்கும். பெயர் பொருந்தாவிட்டால் கோரிக்கை நிலுவையில் விழுகிறது. ஒரே பெயருடைய இருவரை ஒருவராக இணைத்துவிட்டாலோ, ஒருவரின் நோய் மற்றவர் கணக்கில் ஏறுகிறது. எங்கோ அமர்ந்து விதி எழுதுபவருக்கு நம் பெயர்களின் அமைப்பு தெரியாது. எடுத்துச் சொல்ல வேண்டியவர் நம் பிள்ளைதான்.

தேதியும் அப்படித்தான். தொடர்ந்து 60 மாதங்கள் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவரின் கோரிக்கையை, மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, நோயை மறைத்தார் என்று கூறி மறுக்க முடியாது என 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்தது. ஆனால் நிறுவனம் மாறியவரின் பழைய தொடக்கத் தேதி புதிய அட்டவணைக்கு வந்து சேராவிட்டால், அவர் முதல் மாதத்திலிருந்து எண்ணப்படுவார். அந்தத் தேதியைக் கொண்டுவந்து சேர்ப்பது தரவுப் பொறியாளரின் வேலை. ஒரு குடும்பம் நகையை அடகு வைப்பதும் வைக்காதிருப்பதும் அந்த ஒற்றைக் கட்டத்தில் இருக்கிறது.

இவர்களின் ஊதியத்தை விசாரிக்கும் ஜமாஅத்துகள் இவர்களின் அறிவையும் பயன்படுத்திக்கொள்ளலாமே. ஜும்ஆ முடிந்து அரைமணி நேரம் பள்ளிவாசலில் அமர்ந்து, ஆதார், பாலிசி, மருத்துவமனை அட்டை மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுக்கச் சொல்லலாம். பெரியவர்களிலிருந்து தொடங்குவது நல்லது. அவர்களில் பலருக்குப் பிறந்த தேதி ஜனவரி 1 என்றே பதிவாகியிருக்கும்.