உயிர்வாயுவில் சிலிக்கன் மாசை அளக்க ஏற்பாடு கோரும் மனு

மாவட்டச் செயலாளர் அவர்கட்கு,
மாவட்டச் செயலகம், மாத்தளை.

பிரதிகள்: மத்திய சுற்றாடல் அதிகாரசபை, இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை, மாத்தளை மாநகர சபை.



உயிர்வாயு உற்பத்தியாளரும் பாவனையாளரும் சேர்ந்த எமது சங்கம் தங்களிடம் முன்வைப்பது ஒரே கோரிக்கைதான். நகரக் கழிவிலிருந்தோ மலக்கழிவிலிருந்தோ பெறும் வாயுவை மின்பிறப்பாக்கிக்கு அனுப்புமுன், அதில் சிலிக்கன் எவ்வளவு உண்டென்று அளப்பதை இம்மாவட்டத்தில் கட்டாயமாக்க வேண்டும். 2007இல் மாத்தளை மாநகரில் சேதனக் கழிவைத் தரம்பிரித்து உரமாக்கும் நிலையம் தொடங்கியபோது இம்மாவட்டம் பிற ஊர்களுக்கு முன்மாதிரியாக நின்றது. அடுத்த படி வாயு. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் எஞ்சும் மரக்கறிக் கழிவோடு, சீகிரியா, தம்புள்ளை ஹோட்டல்களிலிருந்து கலி பவுசர்கள் ஏற்றிவரும் மலக்கழிவையும் ஒரே தாங்கியில் இடலாம் என்பது இலகுவில் எழக்கூடிய எண்ணம். எமது கவலையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஷாம்பு, முகப்பூச்சு, வியர்வை நாற்றம் போக்கும் பூச்சு ஆகியவற்றில் சேரும் சிலொக்சேன் என்னும் சிலிக்கன் சேர்வைகள் குளியலறை நீரோடு போய்க் கழிவுச் சேற்றில் ஒட்டிக்கொள்கின்றன. கழிவு நொதிக்கையில் அவை ஆவியாகி மீதேனோடு வெளிவருகின்றன. வாயுவின் மற்றொரு மாசான ஐதரசன் சல்பைட்டைக் கூழ்முட்டை நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். சிலொக்சேனுக்கு அப்படி ஓர் அடையாளமும் இல்லை. சுவாலையும் வழக்கம்போல நீலமாகவே எரியும். எரிந்தபின் அது சிலிக்காவாகிறது, அதாவது மணலின் பொருளாகிறது. சிலிண்டர் தலையிலும் வால்விலும் தீப்பொறிச் செருகியிலும் வெண்படிவாக இறுகி, எஞ்சினைத் தேய்க்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அளவு புரியும். 100 கிலோவாற் மின்பிறப்பாக்கிக்கு மணிக்குச் சுமார் 50 கன மீற்றர் வாயு வேண்டும். கன மீற்றருக்கு 10 மில்லிகிராம் சிலிக்கன் இருந்தால் மணிக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் சிலிக்கா உண்டாகும். 8,000 மணிநேரத்தில் அது 8 கிலோகிராமைத் தாண்டும். பெரும்பகுதி புகையோடு போனாலும், தங்கும் சிறுபகுதியே எஞ்சினுக்குக் கேடு செய்யப் போதும். ஐரோப்பியத் தரநியமம் வாகன எரிபொருளாகும் உயிர்மீதேனுக்கு (தூய்மையாக்கிய உயிர்வாயுவுக்கு) கன மீற்றருக்கு 0.3 மில்லிகிராம் சிலிக்கனையே எல்லையாக வைத்திருப்பதன் காரணமும் இதுதான்.

கரி வடிகட்டி பூட்டினால் போதும், அளவீடு எதற்கு என்று கேட்கப்படுகிறது. ஈரப்பதனும் கந்தகச் சேர்வைகளும் அந்தக் கரியின் இடத்தை முன்னதாகவே பிடித்துக்கொள்கின்றன. நிறைந்த கரியைத் தாண்டிச் சிலொக்சேன் சத்தமின்றிப் போய்விடும். கரியை எப்போது மாற்றுவது என்பதை அளவீடின்றி எவராலும் சொல்ல முடியாது. எஞ்சின் எண்ணெயைச் சோதித்தால் தெரியாதா என்போருக்கும் எமது பதில் உண்டு. எண்ணெயில் சிலிக்கன் தெரியும்போது தேய்மானம் தொடங்கிவிட்டிருக்கும். அது காற்றுத் தூசியிலிருந்து வந்ததா வாயுவிலிருந்து வந்ததா என்பதும் தெளிவாகாது. சாணத்தில் இந்த மாசு மிகக் குறைவு என்ற வாதத்தை மட்டும் முழுமையாக ஏற்கிறோம். ஆகவே வீட்டுத் தாங்கி வைத்திருக்கும் பண்ணையாளர் எவர்மீதும் இந்த அளவீட்டுச் சுமை விழக்கூடாது.

செலவு பற்றிய தயக்கம் நியாயமானது. ஆயினும் கருவியை மாவட்டமே வாங்கவேண்டியதில்லை. மாதிரியை இங்கே எடுத்து, கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற அரச ஆய்வுகூடத்துடன் ஏற்பாடு செய்து பரிசோதிக்கலாம். சர்வதேசத் தரப்படுத்தல் அமைப்பு 2023இலேயே உயிர்மீதேனில் சிலிக்கனை அளக்கும் முறைகளை வெளியிட்டுள்ளது. கவனம் மாதிரி எடுப்பதில்தான் வேண்டும். பையில் அடைத்தால் சிலொக்சேன் பையின் சுவரிலும் படிந்த நீர்த்துளியிலும் ஒட்டி, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே மாதிரியை உறிஞ்சிக் குழாயில் பிடிக்கப் பயிற்சி பெற்ற அலுவலர் இருவராவது தேவை.

2021இன் இறுதியில் சமையல் எரிவாயு வெடிப்புகள் நாடெங்கும் நிகழ்ந்த பின்னரே சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் எந்த விகிதத்தில் உள்ளன என்று கேட்டோம். உயிர்வாயுவில் அக்கேள்வி முன்கூட்டியே எழட்டும். புதிய நிலையங்களின் கேள்விப்பத்திரத்திலேயே, வாயு ஓடத் தொடங்குமுன் ஒரு முறையும் பின்னர் காலாண்டுக்கு ஒரு முறையும் அளவீடு செய்து, பெறுபேற்றைச் சபை அறிவித்தல் பலகையில் இடவேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கப் பணிக்குமாறும், இது குறித்து அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எமது பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்குமாறும் தாழ்மையுடன் வேண்டுகிறோம்.

இவ்வண்ணம்,
தலைவர், செயலாளர்