கூந்தன்குளம்: பறவைக்கும் உண்டு தண்ணீரில் பங்கு

நெல்லை மாவட்டத்தில் தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்காத ஊர் ஒன்று இருக்கிறது. நாங்குநேரி தாலுகா, கூந்தன்குளம். பறவைகள் வந்து இறங்கும் பருவமும் பண்டிகையும் ஏறக்குறைய ஒன்றாக வரும். அதனால் பட்டாசா? மூச்!

1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம் இது. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அரசாணைக்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் காவலுக்கு நின்றுவிட்டார்கள். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மட்டுமல்ல, வீட்டுப் பின்புற வேம்பிலும் புளியிலும் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூடு கட்டும். முற்றமெல்லாம் எச்சம், நாற்றம் வேறு. நகரத்து அபார்ட்மென்ட்வாசிகள் புறாவுக்கே வலை கட்டுகிறார்கள். இங்கே கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கணக்கும் உண்டு: எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு முதல்தரமான உரம்.

இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் இந்தக் குளத்துக்கு வருகின்றன. அவ்வளவு தூரம் பறந்து வந்து இறங்குவது காட்டு ஏரியில் அல்ல, ஒரு பாசனக் குளத்தில். சிக்கலே அங்கேதான்.

மழை போக, குளத்துக்கு வரவேண்டியது மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீர். அதாவது தாமிரபரணியின் துணையாற்று நீர். அணையில் இருப்பு குறைந்தால் கடைமடைக்கு என்ன வந்து சேரும் என்பது விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும். கூடு கட்டிய பிறகு குளம் வற்றினால் மீன் இல்லை, குஞ்சுக்கு இரை இல்லை. மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் நாயும் பூனையும் அண்டாது. அந்த அரணும் போய்விடும். தாய்ப்பறவை வேறு குளம் தேடிப் பறந்துவிடும், குஞ்சால் முடியாது.

ராம்சர் என்ற பெயர் வந்ததும் மடையில் தண்ணீர் வந்துவிடாது. அந்த ஒப்பந்தம் விவசாயத்தைத் தடுக்கவும் இல்லை. ஈரநிலத்தைக் கெடுக்காமல் பயன்படுத்தச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆகவே வனத்துறையும் நீர்வளத்துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கால்வாயில் தண்ணீர் திறக்கும்போது, குஞ்சுகள் பறக்கும்வரை குளத்தில் நிற்கவேண்டிய அளவையும் முறைத் தண்ணீர்க் கணக்கில் எழுத வேண்டும். பண்டிகையை விட்டுக்கொடுத்த ஊரிடமே, வயலையும் விட்டுக்கொடு என்று கேட்பது நியாயமில்லை.