உப்பளத்துக்குப் போகிறவரின் லித்தியம்

கணுக்கால் மறையும் உப்புநீரில் நிற்பவரின் உடம்பில் உப்புக் குறையும். மரக்காணத்து அளங்களில் சித்திரை வெயிலில் பலகை பிடித்து உப்பு வாருகிறவர் பைபோலார் நோய்க்கு லித்தியமும் சாப்பிடுகிறவரானால், இது மனநலச் செவிலியரான நம் துறையின் விஷயம்.

சோடியத்தை மீட்கும் வழியிலேயே லித்தியத்தையும் மீட்பது சிறுநீரகத்தின் இயல்பு. வியர்வையில் நீரும் உப்பும் போனதும் அது சோடியத்தை இழுத்துப் பிடிக்கிறது. லித்தியமும் கூடவே தங்கிவிடுகிறது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை மருந்து, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. மார்கழியில் எடுத்த அளவை நம்பிச் சித்திரையில் நிம்மதியாக இருக்க முடியாது.

மூட்டுவலிக்கு அவரே கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் இந்த அளவை ஏற்றும். கொதிப்புக்கான எனலாப்ரிலும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவருவது நல்ல காரியம். ஆனால் அந்தப் பையையும் நம் பையையும் ஒன்றாகக் கொட்டிப் பார்ப்பவர் யார்? "உப்பைக் குறைங்க" என்று நல்லெண்ணத்தில் சொல்வதும், அவர் திடீரென்று குறைத்துவிட்டால், லித்தியத்தை ஏற்றிவிடும்.

மனநல ஓபியில் "தூக்கம் வருதா? மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறோம். "இப்ப அளத்துக்குப் போறீங்களாண்ணே? தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று கேட்பதும் செவிலியரின் வேலைதான். பெண்களிடம் கேட்டால் வேறு கதை வரும்: ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் பொழுதை ஓட்டுகிறவர்கள் பலர். லித்தியம் நஞ்சாகி வாந்தி, பேதி, நடுக்கம், தள்ளாட்டம் என்று வந்தால் வீட்டார் குடி என்று முடிவுகட்டிவிடுவார்கள். சில சமயம் நாமும்தான்.

லித்தியம் மட்டுமல்ல. டிரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையைத் தடுத்து உடம்புச் சூட்டை ஏற்றும். குளோர்புரோமசின் சாப்பிடுகிறவரின் தோல் வெயிலில் எளிதில் வெந்துபோகும்.

அதற்காக "வேலைக்குப் போகாதீங்க" என்று சொல்வது சோம்பேறித்தனமான அறிவுரை. கூலி போனால் மனமும் போகும். பரிசோதனை நாளை அளத்தின் பருவத்தோடு சேர்த்துக் குறிப்பதே முறை: உப்பு வாரத் தொடங்குமுன் ஒன்று, வெயில் முற்றியதும் ஒன்று. கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டவருக்குக் காலை ஒன்பது. அந்நேரம் அவர் பாத்தியில் நிற்பார். நாம் வரப்புக்குப் போய் எடுத்து வரலாம். லித்தியம் ஹெப்பாரின் குழாயை மட்டும் கொண்டு போய்விடாதீர்கள்.