பிறந்த குழந்தைக்கு எந்த இடம்?



சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு எங்கள் வீட்டில் இரண்டாவது பேரக்குழந்தை பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். சென்னை மண்ணடியில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஓர் அறை, ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான் வீடு. நானும் என் கணவரும், மகனும் மருமகளும், ஆறு வயதுப் பேரனுமாக ஐந்து பேர். மருமகளின் தாயார் மவ்த்தாகிவிட்டபடியால் பேறுகாலம் எங்கள் வீட்டிலேயே என்று முடிவாயிற்று. ஆறாவது ஆளுக்கு எந்த மூலை என்ற விவாதம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது.

கூடத்தில், தம் மகனை ஆட்டிய அதே கொக்கியில் புடவைத் தூளி கட்ட வேண்டும் என்றார் என் கணவர். தவணை முறையில் மரத்தொட்டில் வாங்கலாம் என்றான் மகன். அளந்து பார்த்தபோது, அது வந்தால் பீரோக் கதவு திறக்காது என்று தெரிந்தது. எனக்கோ வேறு எண்ணம். இரவில் குழந்தை கூடத்தில் என் பக்கத்தில் இருக்கட்டும், பால் நேரத்தில் மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கலாம், பெற்றவள் சற்றே கண்ணயர்வாள் என்று நினைத்தேன். நல்லெண்ணம்தான். ஆனால் மூவரும் பேசி முடித்த பிறகே, மருமகளின் கருத்தை எவரும் கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

இங்கேதான் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை நினைவூட்ட விரும்புகிறேன். பாலூட்டும் காலம் இரண்டாண்டு என்பதற்காகவே நாம் அதனைப் பெரும்பாலும் எடுத்துச் சொல்கிறோம். அதே வசனத்தில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. குழந்தையைக் காரணமாக வைத்துத் தாய்க்கும் தீங்கு நேரலாகாது, தந்தைக்கும் தீங்கு நேரலாகாது என்பது ஒன்று. முன்னதாகவே பால்குடி மறக்கச் செய்ய விரும்பினால், தாயும் தந்தையும் மனமொப்பி, கலந்தாலோசித்துச் செய்யலாம் என்பது மற்றொன்று. பால் நிறுத்துவதற்கே தாயின் ஒப்புதலையும் ஆலோசனையையும் அல்லாஹ் குறிப்பிட்டிருக்க, பால் கொடுக்கும் இடத்தை அவளைக் கேளாமல் மாமனார் மாமியார் தீர்மானிப்பது எந்த வகையில் முறையாகும்?

கேட்டோம். “என் பக்கத்திலேயே இருக்கட்டும், மாமி. கூடத்தில் வேண்டாம்” என்றாள். காரணத்தையும் சொன்னாள். மூத்தவன் பிறந்தபோது அவளுடைய உம்மா வீட்டிலும் தொட்டில் கூடத்தில்தான் இருந்ததாம். குழந்தை பார்க்க வருவோர் ஓயவில்லை. ஆண்கள் உட்கார்ந்திருக்கையில் குழந்தை அழும். துப்பட்டியை இழுத்துப் போர்த்துக்கொண்டு குழந்தையைத் தூக்கி உள்ளே ஓடுவாள். சில வேளைகளில் வந்தவர் எழும்வரை காத்திருப்பாள். மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் கண்டது அவ்வாறுதான் என்றாள். நாம் கூடத்தில் குழந்தையைக் கிடத்தும்போது தாயையும் கூடத்துக்கு இழுத்துவிடுகிறோம். பர்தாவைப் பற்றி இவ்வளவு பேசும் சமுதாயம், பாலூட்டுகிறவளுக்கு ஒரு கதவையாவது ஒதுக்கித் தர வேண்டாமா?

இதற்கு நேர்மாறான தவறும் நம்மிடம் உண்டு. நாற்பது நாள் தீட்டு என்று சொல்லி, காற்று வராத பின்கட்டில் தாயையும் சேயையும் ஒதுக்கி வைக்கும் பழக்கம் சில குடும்பங்களில் இன்னும் மறையவில்லை. நிஃபாஸ் காலத்தில் தொழுகையும் நோன்பும் இல்லை என்பது சட்டம். அவளைத் தொடக்கூடாது, அவள் பாயில் அமரக்கூடாது என்பது நம் மார்க்கத்தில் இல்லாதது. மாதவிடாய்க் காலத்தில் ஆயிஷா (ரலி) அவர்களின் மடியில் நபி (ஸல்) அவர்கள் சாய்ந்திருந்து குர்ஆன் ஓதியதாக புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆகவே தாயும் சேயும் இருக்க வேண்டியது வீட்டிலேயே காற்றும் வெளிச்சமும் உள்ள அறை. எங்கள் வீட்டில் அது ஒன்றே ஒன்று. அதில் நானும் என் கணவரும் படுத்து வந்தோம். மகன் குடும்பம் கூடத்தில் இருந்தது. இருபது வருடப் பழக்கத்தை விடுவது அவருக்கு எளிதாக இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் ஃபஜ்ருக்குப் போய் வந்ததும் தம் தலையணையைத் தாமே கூடத்துக்கு எடுத்து வந்தார்.

அறையைத் தந்தால் போதாது. எவ்வாறு படுக்க வைப்பது என்பதும் உண்டு. என் வாழ்வில் நேர்ந்ததை இதுவரை எவரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. என் மூத்த மகளுக்கு அப்போது இருபது நாள். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, விழுந்துவிடாதிருக்க அவளைச் சுவர்ப் பக்கம் கிடத்தியிருந்தேன். மெத்தைக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரற்கிடை இருந்தது. விழித்தபோது அவள் தலை அந்த இடுக்கில் இறங்கியிருந்தது. முனகல்கூட வரவில்லை. நான் ஏன் விழித்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை; அல்லாஹ் எழுப்பினான் என்றே எண்ணுகிறேன். அந்த மகளுக்கு இன்று இரண்டு பிள்ளைகள். ஆனால் அத்தனை குடும்பங்களுக்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை.

குழந்தை மருத்துவர்கள் சொல்வது மிகவும் எளியது. மல்லாந்த நிலையில், கெட்டியான சமதளத்தில், தலையணையும் கனத்த போர்வையும் இல்லாமல் படுக்க வைக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்கச் செய்யுமாறு கூறியிருக்கிறது. அந்நாட்டில் 1994இல் மல்லாந்து படுக்க வைக்கும் பிரச்சாரம் தொடங்கிய பிறகு, உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மருந்தோ கருவியோ இல்லாமல், படுக்க வைக்கும் முறையை மாற்றியதாலேயே கிடைத்த பலன் அது.

தனிப் படுக்கை என்றவுடன் விலையுயர்ந்த தொட்டிலை நினைக்க வேண்டாம். பின்லாந்து அரசு 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் குழந்தைத் துணிகளை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்து வந்தது. அடியில் சிறு மெத்தை கொண்ட அந்தப் பெட்டியே பல குழந்தைகளின் முதல் படுக்கையாயிற்று. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் பின்னிய சிறு கூடையில் குழந்தையைக் கிடத்தித் தங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். நம்மிடம் பாய் இருக்கிறது. பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் கைகள் பெரும்பாலும் நம் லெப்பை மக்களின் கைகளே அல்லவா? என் நிக்காஹுக்கு வந்த பத்தமடைப் பாய் பெட்டியில் மடித்துக் கிடந்தது. அறையிலிருந்த கட்டிலைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, தரையில் அந்தப் பாயை விரித்தோம். அதன்மேல் தாய்க்கு ஒரு மெத்தை. ஒரு கை தூரத்தில் குழந்தைக்குக் கெட்டியான சிறு மெத்தை. இரண்டும் சுவரை விட்டு நன்றாகத் தள்ளி.

தரைக்கும் குறை உண்டு. எறும்பு வரும், மழைக்காலத்தில் ஈரம் ஏறும், இருட்டில் கால் படும். எங்கள் மருமகளுக்குச் சுகப்பிரசவம். அறுவைச் சிகிச்சை நடந்தவளைத் தரையிலிருந்து எழச் சொல்வது கொடுமை. அவளுக்குத் தாழ்வான கட்டிலும், அதனருகே குழந்தைக்குத் தனி இடமும்தான் சரி. பால் கொடுத்தபடியே தாய் உறங்கிப்போவதும் நடக்கும். அவ்வாறு நேர்ந்தாலும் ஆபத்து குறைவாக இருக்கும்படி அவள் படுக்கையையும் அமைக்க வேண்டும்: குழந்தையின் அருகே தலையணை இல்லை, கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே குழந்தை இல்லை, அண்ணனோ அக்காவோ ஒட்டிப் படுப்பதும் இல்லை. குழந்தை குறைமாதத்தில் பிறந்ததாகவோ இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவோ இருந்தால், வீட்டில் எவரேனும் புகைபிடிப்பவராக இருந்தால், தாய் மயக்கம் தரும் மருந்து உட்கொள்பவளாக இருந்தால், ஒரே படுக்கை வேண்டவே வேண்டாம். சோபாவில் குழந்தையை மார்பில் போட்டு உறங்குவது எல்லாவற்றிலும் ஆபத்தானது; இதனைத் தந்தைமார்களுக்குச் சொல்கிறேன்.

தூளியை நான் வெறுக்கவில்லை. ஆனால் அதன் வளைவில் பச்சிளங்குழந்தையின் மோவாய் நெஞ்சில் கவிழ்ந்து மூச்சு தடைபடலாம். பகலில், கண்ணெதிரே, சற்று நேரம் ஆட்டலாம். இரவு முழுவதும் விட்டுவிட வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் தேவையில்லை. கழுத்தில் கட்டும் கயிறும் அவ்வாறே. தாயத்து பற்றிய மார்க்க விவாதத்துக்குள் நான் நுழையவில்லை, குரல்வளையை இறுக்கக்கூடியது என்ற ஒரு காரணமே கழற்றுவதற்குப் போதும்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை அணைக்காமல் விடாதீர்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிவழி. கதவடைத்த சிற்றறையில் இரவெல்லாம் கொசுவர்த்தியைப் புகைய விடுகிறவர்களும், குளிப்பாட்டியதும் குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுகிறவர்களும் இதனைச் சிந்திக்கட்டும். கொசுவலை இருக்கிறதே.

எங்கள் ஏற்பாட்டில் அதிகம் இழந்தவன் பேரன்தான். ஆறு வருடம் உம்மாவின் பக்கத்தில் உறங்கியவனைக் கூடத்துக்கு மாற்றினோம். முதல் வாரம் அழுதான். சஹருக்கு நாங்கள் விளக்குப் போடும்போதெல்லாம் விழித்து, பாப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவான். பிறகு என் மகன் ஓர் ஒழுங்கு செய்தான்: இரவு இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் உம்மாவின் மடி அவனுக்கு மட்டும், அந்நேரம் குழந்தை என்னிடம் அல்லது அவள் வாப்பாவிடம்.

இப்போது குழந்தைக்கு ஐந்தாம் மாதம். குப்புற விழத் தொடங்கிவிட்டாள். துணியில் சுற்றிப் படுக்க வைப்பதை நிறுத்தியாயிற்று. மெத்தையை விட்டு உருண்டு பாய்க்கு வந்துவிடுகிறாள். பீரோவை அறையிலிருந்து கூடத்துக்கு நகர்த்தலாமா என்று கலந்து பேச, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் எல்லோரையும் உட்காரச் சொல்லியிருக்கிறாள் மருமகள்.